கெமிக்கல் டிரம் லேபிள் பயிற்சி: "அனுமார் படம்" என்றவருக்கு என்ன பதில் சொல்வது?

சாயத்தண்ணி (திங்கள், இரவு 10:12)

வணக்கம். திருப்பூர்ப் பக்கம் ஒரு சாயப்பட்டறையில் லேப் பார்த்துக்கொள்கிறேன். பையர் ஆடிட், அதாவது துணி வாங்குகிற கம்பெனியின் சோதனை, வருகிறது. முதலாளி கூப்பிட்டு, "டிரம்மில் ஒட்டியிருக்கிற லேபிளைப் படிக்க எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்துடு, கையெழுத்து வாங்கி வெச்சுடு" என்றார். கையெழுத்து வாங்குவது சுலபம். மற்றதுக்குத்தான் இந்த இழை.

மொத்தம் அறுபது பேர். பாதி நம் ஊர்க்காரர்கள், மீதி ஒடிசா, பீகார். கேன்டீனில் உட்கார வைத்து, ஜி.எச்.எஸ். படங்கள் (ரசாயன லேபிளில் போடுகிற சர்வதேச ஆபத்துக் குறிகள்) ஒன்பதையும் சுவரில் காட்டி ஒன்றேகால் மணி நேரம் பேசினேன். சிவப்புக் கரை போட்ட வைர வடிவம், வெள்ளைப் பின்னணி, நடுவில் கறுப்புப் படம். ஹிந்தியில் சொல்ல ஒரு சூப்பர்வைசரை நிறுத்தினேன். டீயும் வடையும் உண்டு. எல்லாரும் தலையாட்டினார்கள்.

மறுநாள் குடோனில் போய் நின்றுகொண்டு, வந்து போகிறவர்களிடம் சும்மா கேட்டுப் பார்த்தேன். அசிட்டிக் ஆசிட் கேனில் இருக்கிற படம், அதுதான் ஒரு கை மேலே ஏதோ ஊற்றி அரித்துப் போகிற படம். "சரக்கைத் தொட்டா கை கழுவணும்னு போட்டிருக்காங்க" என்றார் பதினைந்து வருஷம் வேலை பார்ப்பவர். மண்டையோட்டைக் காட்டினால் "கரண்ட்" என்றார்கள் நாலைந்து பேர். தப்பே இல்லை, டிரான்ஸ்பார்மரில் 'அபாயம் 11000 வோல்ட்' போர்டைப் பார்த்துத்தானே எல்லாரும் வளர்ந்தோம். செத்த மீனும் பட்ட மரமும் இருக்கிற படத்துக்கு "இங்கே மீன் பிடிக்கக் கூடாது". சாயத்தூள் டப்பாவில் ஒரு ஆளின் நெஞ்சில் நட்சத்திரம் வெடித்த மாதிரி ஒரு படம் இருக்கும். பீகார்ப் பையன் ஒருவன் அதைப் பார்த்துப் பயபக்தியோடு "ஹனுமான்ஜி" என்றான்.

சிரிப்பு வந்தது. அப்புறம் வயிற்றைக் கலக்கியது. அந்தப் பையன்தான் சாயத்தூள் எடை போடுகிற அறையில் நிற்கிறான்.

நீங்கள் எல்லாம் எப்படிச் சொல்லிக் கொடுக்கிறீர்கள்?


குடோன்_கணக்கு

முதலில் கேன்டீனை விட்டு வெளியே வாருங்கள். ஒன்பது படத்தையும் ஒரே நாளில் காட்டினால் எட்டு மறந்துவிடும். எங்கள் யூனிட்டில் நான் ஒரு வேலை செய்தேன். ஆசிட் எல்லாம் சிவப்பு பெயின்ட், காரம் எல்லாம் நீலம், வெளுக்கப் போடுகிற பெராக்சைடுக்கு மஞ்சள், வம்பு பண்ணாத சரக்குக்குப் பச்சை. டிரம்மைச் சுற்றி ஒரு பட்டை அடித்தால் தீர்ந்தது. எழுத்தும் வேண்டாம், படமும் வேண்டாம். எந்த ஊர்க்காரனுக்கும் நிறம் தெரியும்.


மருந்துமூட்டை

குடோன் அண்ணே, அதில்தான் வில்லங்கம். நான் அவிநாசிப் பக்கம் விவசாயம், இடையில் ஒரு மில்லிலும் வேலை பார்க்கிறேன். பூச்சிமருந்து டப்பாவில் நிறத்துக்கு ஏற்கெனவே ஒரு பாஷை இருக்கிறது. 1971 பூச்சிக்கொல்லி விதிகள் வைத்த முக்கோணம். சிவப்பு என்றால் கடும் விஷம், அடுத்தது மஞ்சள், அதற்குக் கீழே நீலம், கடைசி பச்சை. மருந்தடித்துப் பழகினவன் உங்கள் குடோனுக்கு வந்தால் மஞ்சள் பட்டை பெராக்சைடை 'ரெண்டாம் நம்பர் விஷம்' என்று படிப்பான், நீலப் பட்டை காஸ்டிக் சோடாவைப் பார்த்து 'பரவாயில்லை' என்பான். காஸ்டிக் அவனைப் பரவாயில்லை என்று விடாது.

பச்சையைப் பற்றி இன்னொன்று. பூச்சிமருந்தில் பச்சை முக்கோணம் என்றால் மற்றதைவிட விஷம் குறைவு என்றுதான் அர்த்தம். எங்கள் ஊரில் பச்சை முக்கோண மருந்தை வெறுங்கையால் கலக்குகிறவர்கள் இன்றைக்கும் உண்டு. கேட்டால் "கவர்மென்டே பச்சை குடுத்திருக்கு" என்பார்கள். கொடியசைப்பு என்று நினைத்துக்கொள்கிறார்கள்.


ஹெல்மெட்

நான் பாதுகாப்பு அலுவலர், இருபது வருஷத்துக்கு மேல். கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

லேபிளைப் பற்றி நம் ஊரில் சட்டமே இல்லை என்பது போல் பேசுகிறார்கள். 1989இல் வந்த அபாயகரமான ரசாயன விதிகளில் 17ஆவது விதி, ஒவ்வொரு கொள்கலனிலும் உள்ளே என்ன இருக்கிறது, தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவர் யார், முகவரி என்ன, அதன் குணங்கள் என்ன, விஷத்தன்மை என்ன என்று எழுதச் சொல்கிறது. 1984 டிசம்பரில் போபால் நடந்தது. 1987இல், அப்போது இருந்த தொழிற்சாலைகள் சட்டத்தைத் திருத்தி 41-பி, 111-ஏ பிரிவுகளைச் சேர்த்தார்கள். ஆபத்துகளை உரிமையாளர் தொழிலாளிக்கு வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்றது முதலாவது. உடல்நலம், பாதுகாப்பு பற்றிக் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் பயிற்சி பெறவும் தொழிலாளிக்கு உரிமை உண்டு என்றது இரண்டாவது. ஆக இது முதலாளி ஆடிட்டுக்காகப் போடுகிற பிச்சை கிடையாது.

படங்கள் விஷயம். ஜி.எச்.எஸ். என்பது ஐ.நா. 2003இல் வெளியிட்ட முறை. ஆனால் நம் விதிகள் 1989ஐச் சேர்ந்தவை, ஜி.எச்.எஸ்.ஸைக் கட்டாயமாக்கவில்லை. அதனால் ஒரே குடோனில் மூன்று தலைமுறை லேபிள் நிற்கும். பழைய ஐரோப்பிய முறையில் ஆரஞ்சுச் சதுரத்துக்குள் பெரிய பெருக்கல் குறி. சாயத்தண்ணி, அதைக் காட்டிக் கேட்டுப் பாருங்கள். எனக்குக் கிடைத்த பதில்: "வாத்தியார் தப்பு போட்டிருக்கார், சரக்கு ரிஜெக்ட்." அடுத்து லாரிக்காக ஒட்டுகிற வைரம், பெரும்பாலும் பின்னணியே நிறமாக இருக்கும், அடியில் 3, 8, 5.1 என்று நம்பர். மூன்றாவதுதான் சிவப்புக் கரை போட்ட ஜி.எச்.எஸ். வைரம்.

எண்களில் ஒரு பெரிய குழி இருக்கிறது. சில டேங்குகளில் நாலு நிறக் கட்டமாக ஒரு வைரம் வரைந்திருப்பார்கள், அமெரிக்கத் தீயணைப்புக்காரர்கள் முறை. அதில் 0 என்றால் ஒன்றுமில்லை, 4 என்றால் மிக மோசம். ஜி.எச்.எஸ். வகைப்பாட்டில் நேர் தலைகீழ், 1தான் மிக மோசம். ஒரே சரக்கு, ஒரே சுவர், இரண்டு எண்ணும் பக்கத்துப் பக்கத்தில் தொங்குவதை நானே பார்த்திருக்கிறேன். என் கருத்து, கீழே வேலை செய்கிறவர்களுக்கு எண்ணையே சொல்லித்தராதீர்கள்.


குடோன்_கணக்கு

மருந்துமூட்டை சொன்னதை யோசித்தேன். சரிதான், பெயின்ட் அடித்தது போதும். ஆனால் ஹெல்மெட் சார், இவ்வளவும் சொல்லிவிட்டு அந்தப் பையனுக்கு என்ன சொல்வது என்று நீங்களும் சொல்லவில்லையே?


தோல்ஷாப்

நான் வாணியம்பாடி. தோல் பதனிடுகிற இடம். எங்களிடம் படத்துக்கு விளக்கம் தேவைப்படாத சரக்கு ஒன்று உண்டு, சோடியம் சல்பைடு. மாட்டுத் தோலில் இருக்கிற முடியைக் கரைக்கத்தான் அதைப் போடுகிறோம். புதிதாக வருகிற பையனிடம் லேபிளைக் காட்ட மாட்டேன். சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து தோலை இழுத்து, முடி கூழாகி வழிவதைக் காட்டுவேன். "இவ்வளவு தடித்த தோல் மேல இருக்கிற முடியையே தின்னுடுது, உன் கை எம்மாத்திரம்?" அதற்குப் பிறகு அந்த அரிக்கிற கைப் படத்தைக் காட்டினால் கை கழுவுகிற படம் என்று எவனும் சொல்வதில்லை.

படம் கடைசியில் வர வேண்டும். முதலில் சரக்கு செய்கிற வேலை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. சல்பைடு தண்ணீரும் ஆசிட்டும் சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும். முதலில் அழுகின முட்டை நாற்றம், அளவு ஏறினால் மூக்கே மரத்துப்போய் நாற்றம் தெரியாது. "நாத்தம் போயிடுச்சு, இறங்கலாம்" என்று இறங்குகிறவன்தான் போகிறான். எந்தப் படமும் இதைச் சொல்லாது. ஒரு டிரம்மில் ஒட்டின லேபிள் அந்த டிரம்மைப் பற்றித்தான் பேசும், பக்கத்து டிரம்மோடு சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை எங்கேயோ பொடி எழுத்தில் ஒரு வரி சொல்லும், இல்லை சொல்லவே சொல்லாது. சொல்லித்தருகிறவர்தான் இரண்டு டிரம்முக்கும் நடுவில் நின்று பேச வேண்டும்.


சாயத்தண்ணி (செவ்வாய், இரவு 9:30)

தோல்ஷாப் அண்ணா, நன்றி. இது எனக்கு உடனே பிடிபட்டது. எங்கள் லேபில் கம்பளியா பருத்தியா என்று பார்க்க நூலைக் காஸ்டிக்கில் கொதிக்கவிடுவோம். பருத்தி நிற்கும், கம்பளி கரைந்து காணாமல் போகும். முடி, தோல், கம்பளி எல்லாம் ஒரே சாதி, புரதம். இதையே ஒரு பீக்கரில் காட்டப் போகிறேன். கூடவே சலூனிலிருந்து கொஞ்சம் முடி.

ஆனால் நெருப்புப் படம் இரண்டு இருக்கிறதே, அதைத்தான் எப்படிப் பிரிப்பது என்று தெரியவில்லை. ஹைட்ரோ (சோடியம் ஹைட்ரோசல்பைட் தூள்) டிரம்மில் வெறும் தீ. பெராக்சைடு கேனில் ஒரு வட்டத்துக்கு மேலே தீ. எல்லாரும் இரண்டையும் "பத்திக்கும்" என்கிறார்கள். வட்டம் இருப்பதை "பந்து", "ஆரஞ்சுப் பழம்" என்கிறார்கள்.


மருந்துமூட்டை

வெறும் தீ என்றால் விறகு. வட்டத்துக்கு மேலே தீ என்றால் ஊதாங்குழல். ஊதாங்குழல் தானாக எரியாது, ஆனால் அது பக்கத்தில் இருந்தால் ஈர விறகும் எரியும். எங்கள் அம்மாவிடம் இந்த இரண்டு படத்தையும் காட்டி இப்படிச் சொன்னேன். "அப்ப ரெண்டையும் பக்கத்துல வெக்கலாமா?" என்று கேட்டார். ஐந்தாவது வரைதான் படித்தவர்.


ஹெல்மெட்

அம்மாவை எங்கள் கமிட்டியில் சேர்த்துக்கொள்ளலாம். அந்த வட்டம் ஆக்சிஜனுக்கான 'ஓ' எழுத்து மாதிரிதான், ஊதாங்குழல் அதைவிடப் பொருத்தம். சாயத்தண்ணி, இந்த இரண்டு சரக்கும் உங்கள் குடோனில் எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன?


சாயத்தண்ணி

நேற்றுவரை நாலடி. இன்றைக்குக் காலையில் ஹைட்ரோவை வேறு அறைக்கு மாற்றச் சொல்லிவிட்டேன்.


ஹெல்மெட்

நல்லது. ஹைட்ரோ பற்றிப் பயிற்சியில் கட்டாயம் இதைச் சொல்லுங்கள். கொஞ்சம் ஈரம் பட்டாலே உள்ளுக்குள் சூடேறிப் புகையும், கந்தக டைஆக்சைடு வரும், தீயும் பிடிக்கும். அதனால் ஈரக் கப்பை உள்ளே விடக் கூடாது, மூடியைத் திறந்துபோட்டுவிட்டு டீ குடிக்கப் போகக் கூடாது. இதைக் கேட்டதும் எல்லாரும், "அப்ப தீப்பிடிச்சா தண்ணி ஊத்தக் கூடாது, மணல் போடணும்" என்று முடிவு கட்டிவிடுவார்கள். அங்கேதான் தப்பு. ஹைட்ரோ பற்றிக்கொண்டால் மணல் போட்டு மூடி அணைக்க முடியாது. வெள்ளமாகத் தண்ணீர் அடித்துத்தான் அதை நிறுத்த முடியும். ஒரு வாளி ஊற்றினால் இன்னும் மோசம். ஆக, ஒரு வாளிக்காரன் ஓட வேண்டும், ஹோஸ் வைத்திருப்பவன் வர வேண்டும். படம் இவ்வளவு சொல்லுமா? சொல்லாது.


டேங்கர்

படத்தையே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். சரக்கு உள்ளே வருவது எங்கள் வண்டியில். பக்கவாட்டிலும் பின்னாலும் அவசரத் தகவல் பலகை இருக்கும், அதில் சரக்கு எது என்று காட்டுகிற யு.என். நம்பர். பெராக்சைடு கரைசல் ஏற்றினால் 2014. என்னோடு வந்த புது கிளீனர் ரொம்ப நாள் அதை வண்டி வாங்கின வருஷம் என்று நினைத்துக்கொண்டிருந்தான். காஸ்டிக் ஏற்றின வண்டியில் 1824 பார்த்துவிட்டு "அண்ணே, வெள்ளைக்காரன் காலத்து வண்டியா?" என்று கேட்டபோதுதான் எனக்கு விஷயமே தெரிந்தது.

சிரிக்க வேண்டாம், அவன் கேட்டான். கேட்காதவன் எத்தனை பேர். இன்னொன்று, சரக்கு இறக்கும்போது உங்கள் ஆள் வந்து எங்கள் பலகையையும் உங்கள் டேங்க்கில் எழுதியிருப்பதையும் ஒத்துப் பார்த்ததாக எனக்கு ஞாபகமே இல்லை. சலானைப் பார்ப்பார்கள், சீல் பார்ப்பார்கள், ஹோஸை மாட்டச் சொல்வார்கள். ஆசிட் டேங்க்கும் ஹைப்போ (சோடியம் ஹைப்போகுளோரைட், பிளீச்) டேங்க்கும் ஒரே மாதிரி வாய் வைத்து, பக்கத்துப் பக்கத்தில் நிற்கிற யூனிட்டுகளைப் பார்த்திருக்கிறேன். மாற்றி இறக்கினால் குளோரின்தான்.


ஜூரோங்_பத்துவருஷம்

சிங்கப்பூர் ஜூரோங் தீவில் டேங்க் கிளீனிங் வேலையில் பத்து வருஷம் இருந்தேன். லேபிள் எல்லாம் ஆங்கிலத்தில்தான். எனக்குப் படிக்க வராது. தினமும் காலையில் வேலைக்கு முன்னால் பத்து நிமிஷம் நிற்க வைத்துப் பேசுவார்கள். எங்கள் சூப்பர்வைசர் காரைக்குடிக்காரர், தமிழில் பேசுவார். ஆனால் அவர் பேசி முடித்துவிட்டு விட மாட்டார். யாராவது ஒருத்தனைக் கையைக் காட்டி, "நீ சொல்லு, இன்னைக்கு என்ன சரக்கு, மேலே பட்டா என்ன பண்ணுவே, கண் கழுவுற இடம் எங்கே, நடந்து போய்க் காட்டு" என்பார். நடந்து போய்த் தொட்டுவிட்டு வர வேண்டும். முதல் வாரம் கடுப்பாக இருந்தது. ஒரு நாள் முகத்தில் தெறித்தபோது கண்ணை மூடிக்கொண்டே அங்கே போய்விட்டேன். கால் வழி தெரிந்து வைத்திருந்தது.

உங்கள் அறுபது பேரும் லேபிளைப் படித்தார்களா என்று கேட்காதீர்கள். அடுத்து என்ன செய்வார்கள் என்று கேளுங்கள்.


சொல்வேட்டை

நான் மொழிபெயர்ப்பு வேலை செய்கிறவன். லேபிள்களைத் தமிழாக்கச் சொல்லி அவ்வப்போது வரும். முதலில் அந்த ஒற்றைச் சொல். ஜி.எச்.எஸ்.ஸில் இரண்டே இரண்டு எச்சரிப்புச் சொற்கள், கடுமையானதற்கு ஒன்று, அதைவிடக் குறைந்ததற்கு ஒன்று. வழக்கமாக 'அபாயம்', 'எச்சரிக்கை' என்று போடுகிறோம். நான் நாலு பேரிடம் எது பெரிது என்று கேட்டேன். இரண்டு பேர் எச்சரிக்கைதான் பெரிது என்றார்கள், "புயல் எச்சரிக்கைன்னு சொல்லுவாங்கல்ல". சொல்லைப் பார்த்துத் தரம் பிரிப்பது ஆங்கிலத்திலும் பழக்கத்தால் வருவதுதான்.

வாசகங்கள் இன்னும் மோசம். "உட்கொள்ளின் தீங்கு விளைவிக்கும்", "தோலுடனான தொடர்பைத் தவிர்க்கவும்". இதை எழுதினவரே வீட்டில் இப்படிப் பேச மாட்டார். "தோலில் பட்டால் வெந்து ஆழமாகப் புண்ணாகும், கண்ணில் தெறித்தால் பார்வை போகலாம்" என்று நான் எழுதிக் கொடுத்தேன். வாடிக்கையாளர், "இவ்வளவு பயமுறுத்த வேண்டாம், சரக்கு விற்காது" என்று திருப்பி அனுப்பினார். பயமுறுத்தவில்லை ஐயா, ஆங்கிலத்தில் இருப்பதே அதுதான்.


ஹெல்மெட்

சொல்வேட்டை சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பேச்சுத் தமிழில் எழுதுகிறேன் என்று "தொட்டா செத்த" என்று சுவரில் எழுதி வைத்திருந்த ஒரு யூனிட்டைப் பார்த்திருக்கிறேன். எழுதியிருந்தது அசிட்டிக் மேலே. எல்லாரும் தினமும் தொடுகிறார்கள், எவனும் சாகவில்லை. அதற்கப்புறம் அந்தச் சுவரில் எழுதின எதையும் அவர்கள் நம்பவில்லை.


வார்டு_நைட்டூட்டி

நான் நர்ஸ். இந்த இழையைத் தம்பி அனுப்பி வைத்தான். எங்களுக்கு வருகிற கேஸ்களில் கூட வருகிறவர்கள் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: "ஏதோ கெமிக்கல் சிஸ்டர்." ஆசிட்டா, காரமா, வேறு ஏதாவதா? தெரியாது. எத்தனை மணிக்கு? தெரியாது. கம்பெனிக்கு போன் போட்டால் எடுக்க ஆளில்லை.

உங்கள் பயிற்சியில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். ஒருவர் காயம்பட்டவரை ஓடுகிற தண்ணீரில் நிறுத்த வேண்டும், இன்னொருவர் போய் லேபிளைப் போனில் படம் எடுக்க வேண்டும். கண் என்றால் இமையைத் திறந்து பிடித்து இருபது நிமிஷமாவது கழுவ வேண்டும், அதற்குப் பிறகுதான் ஆட்டோ. நிறையப் பேர் முதலில் ஆட்டோ பிடிக்கிறார்கள். காஸ்டிக் பட்ட இடத்தில் எலுமிச்சம்பழம் தேய்த்துக்கொண்டு வந்த ஒருவரையும் பார்த்தேன், யாரோ 'காரத்துக்குப் புளிப்பு' என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். தேய்க்கவே கூடாது. குடித்துவிட்டவருக்கு வாந்தி எடுக்க வைக்கவும் கூடாது, இறங்கும்போது ஒரு தடவை வெந்தது ஏறும்போதும் வேகும்.

குடிப்பது எப்படி நடக்கிறது தெரியுமா? எல்லாமே தண்ணீர் பாட்டில். டிரம்மில் லேபிள் பெரிதாக இருந்திருக்கும். அவர் குடித்தது டிரம்மிலிருந்து இல்லையே.


தோல்ஷாப்

சிஸ்டர் சொன்னதுதான் மொத்த விஷயமும். லேபிள் டிரம்மோடு நின்றுவிடுகிறது. சரக்கு மக்கில், வாளியில், பாட்டிலில் ஏறி ஷாப் முழுக்க நடக்கிறது.


சாயத்தண்ணி (ஞாயிறு, மாலை 6:05)

ஒரு வாரம் ஆகிவிட்டது. நடந்ததை எழுதிவிடுகிறேன்.

இந்தத் தடவை எட்டெட்டுப் பேராகக் கூப்பிட்டேன், ஷிப்ட் ஏறுவதற்கு முன்னால் இருபது நிமிஷம், டிரம் பக்கத்திலேயே. முதல் நாள் பீக்கர். காஸ்டிக் கொதிக்கிறது, உள்ளே பருத்தி நூல், கம்பளி நூல், ஒரு கொத்து முடி. யாரும் பேசவில்லை. கம்பளி காணாமல் போனது, முடியும் போனது. பதினைந்து வருஷக்காரர், அதுதான் 'கை கழுவணும்' என்றவர், தன் முன்னங்கையில் இருந்த பழைய தழும்பைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். அதன் பிறகு அந்தப் படத்தை நான் விளக்கவே இல்லை.

இரண்டாம் நாள் விறகும் ஊதாங்குழலும். மருந்துமூட்டை, உங்கள் அம்மாவுக்கு என் வணக்கம். ஒடிசாக்காரர்களிடம் ஊதாங்குழல் என்ற சொல் எடுபடவில்லை, ஒரு பி.வி.சி. துண்டை வாயில் வைத்து ஊதிக் காட்டினேன். உடனே புரிந்துவிட்டது, அவர்கள் ஊரிலும் அடுப்பு அடுப்புதான்.

அனுமார்ப் பையன். அவனிடம் அது அனுமார் இல்லை என்று வாதாடவில்லை. "ஆமாம், ஹனுமான்ஜிதான். அவர் நெஞ்சைத் திறந்தால் ராமர் இருந்தார். உன் நெஞ்சைத் திறந்தால் என்ன இருக்கும்?" என்று சூப்பர்வைசரை விட்டுக் கேட்கச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தான். தன் கர்சீப்பை எடுத்து மூக்கைத் துடைத்துக் காட்டினான். நீலம். ரியாக்டிவ் சாயத்தூள் சிலருக்கு நாள்பட மூச்சிரைப்பைக் கொண்டுவரும், ஒரு தடவை ஒத்துக்கொள்ளாமல் போனால் அப்புறம் துளிக்கே இழுக்கும் என்று சொன்னேன். எடை போடுகிற அறைக்கு நல்ல மாஸ்க் கேட்டு முதலாளியிடம் போனேன், அது தனிக் கதை. வந்துவிட்டது.

ஜூரோங் அண்ணா சொன்ன மாதிரி நடந்து காட்டச் சொன்னேன். அப்போதுதான் எனக்கே தெரிந்தது, கண் கழுவுகிற குழாய்க்கு முன்னால் உப்பு மூட்டை அடுக்கியிருந்தது. லேப்காரன் நான், வருஷக்கணக்காக அந்த வழியாகத்தான் போய்வருகிறேன்.

இப்போது நான் எழுத வந்த விஷயம். நாலாம் நாள், படங்கள் எல்லாருக்கும் ஓரளவு பிடிபட்டுவிட்டது என்று சந்தோஷமாக இருந்தேன். சோதனையாக ஒரு பெண் தொழிலாளியிடம், தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், ஈ.டி.பி. (கழிவுநீர் சுத்திகரிப்பு) பக்கம் இருந்த ஒரு வெள்ளைக் கேனைக் காட்டிக் கேட்டேன். குனிந்து பார்த்தார். "அசிட்டிக் சார். அரிக்கும், நெருப்பும் பிடிக்கும். கையுறை போடணும்." அட்டகாசமான பதில். கைதட்டினோம். பக்கத்தில் நின்ற ஈ.டி.பி. ஆபரேட்டர் மெதுவாக, "அதுல இப்ப ஹைப்போ இருக்குங்க. கேன் காலியா இருந்துச்சு, ஊத்தி வெச்சேன்" என்றார்.

அந்த அம்மா என்னைப் பார்த்த பார்வை இன்னும் போகவில்லை. அவர் படிக்கத் தெரியாதவராக இருந்திருந்தால் முகர்ந்து பார்த்திருப்பார், இல்லை ஆபரேட்டரைக் கேட்டிருப்பார். நான் நாலு நாளாகச் சொல்லிக் கொடுத்து அவரை நம்ப வைத்துவிட்டேன். அசிட்டிக் என்று நம்பி அதை ஆசிட் வாளியில் ஊற்றியிருந்தால் என்ன வந்திருக்கும் என்று டேங்கர் அண்ணன் மேலே எழுதிவிட்டார்.

அன்றைக்குப் பயிற்சியை அப்படியே நிறுத்திவிட்டு எல்லாரையும் குடோனைச் சுற்ற அனுப்பினேன். லேபிளில் இருப்பதும் உள்ளே இருப்பதும் வேறாக இருக்கிற கேன், லேபிளே இல்லாத கேன், எழுத்து அழிந்துபோன கேன், தண்ணீர் பாட்டிலில் இருக்கிற சரக்கு, எல்லாவற்றையும் வாசலுக்குக் கொண்டுவரச் சொன்னேன். முக்கால் மணி நேரத்தில் வாசலில் நடக்க இடமில்லை. எண்ணிப் பார்த்தோம், நாற்பத்தொன்று. அதில் ஏழு என் லேபிலிருந்து வந்தவை.


குடோன்_கணக்கு

நாற்பத்தொன்றா! நாளைக்கு என் குடோனிலும் இதைச் செய்து பார்க்கிறேன். பயமாகத்தான் இருக்கிறது.


ஹெல்மெட்

நான் இத்தனை வருஷம் பயிற்சியை முதலில் வைத்துவிட்டு, லேபிள் சரிபார்ப்பதை அப்புறம் ஆடிட்டுக்கு முன்னால் பண்ணிக்கொண்டிருந்தேன். வரிசையே தப்பு என்று இப்போது தோன்றுகிறது. காலி கேனைக் கழுவினதும் லேபிளைக் கிழிக்க வேண்டும், கிழிக்காத கேனில் எதையும் ஊற்றக் கூடாது என்பதுதான் பயிற்சியின் முதல் பாடமாக இருக்க வேண்டும் போலிருக்கிறது.

மக்குக்கும் வாளிக்கும் என்ன செய்தீர்கள்?


சாயத்தண்ணி

ஒரு சரக்குக்கு ஒரு மக், வேறு எதற்கும் கிடையாது. மக்கில் அந்தக் கேனின் லேபிளைப் போட்டோ எடுத்துச் சின்னதாகப் பிரின்ட் போட்டு, மேலே லேமினேஷன் செய்து கைப்பிடியில் கட்டினோம். தமிழ், ஹிந்தி, ஒடியா மூன்றிலும் பெயர் மட்டும். ஒடியாவை எழுதித் தந்தது சாயம் ஏற்றுகிற சாப்ட் ஃப்ளோ மெஷின் ஆபரேட்டர், அவர் ஊரில் பன்னிரண்டாவது முடித்தவராம். இரண்டு வருஷமாக எங்களிடம் வேலை பார்க்கிறார், ஒருத்தரும் கேட்டதில்லை.

தண்ணீர் பாட்டிலை ஷாப் ப்ளோருக்குள்ளேயே விடுவதில்லை, குடிதண்ணீர் பானை வெளியே போய்விட்டது. இதற்குத்தான் எதிர்ப்பு அதிகம். வெயில் காலம் வருகிறது, இது எத்தனை நாள் நிற்கும் என்று தெரியாது. நைட் ஷிப்ட்டுக்குக் கான்ட்ராக்டர் அனுப்புகிற ஆட்கள் வாரத்துக்கு ஒரு முகம் மாறுகிறது. அவர்களுக்கு இதெல்லாம் யார் சொல்வது என்பதும் முடிவாகவில்லை.


டேங்கர்

லேமினேஷன் காஸ்டிக்கில் நிற்காதே, ஓரம் பிரிந்து நீர் ஏறிவிடுமே?


சாயத்தண்ணி

ஏறிவிட்டது அண்ணே, மூன்றாம் நாளே. இப்போது மக்கிலேயே சூட்டுக்கோலால் எழுத்தைச் சுட்டு எழுதுகிறார் எங்கள் பிட்டர். அசிங்கமாக இருக்கிறது, ஆனால் அழியவில்லை. ஆடிட்காரர் என்ன சொல்கிறார் என்று பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்.